கொம்புத் திருக்கையும் சங்கல்பமற்ற கொலையும்

அவிநாசியிலிருந்து புளியம்பட்டிக்குச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் சேவூரில், வாலி பூசித்ததாக ஐதிகமுள்ள வாலீசுவரர் திருக்கோயில் இருக்கிறது. அம்பு பட்டு வீழ்ந்த பின்னும் எய்தவனை எதிரில் நிறுத்தி, மறைந்து நின்று கொன்றது எந்தத் தருமம் என்று கேட்டவன் வாலி. அக்கேள்விக்குச் சொல்லப்பட்ட சமாதானங்கள் போதுமா போதாவா என்று நம் பட்டிமன்றங்கள் இன்றும் வழக்காடுகின்றன. ஆனால் அவ்வதத்தில் எய்தவன் இன்னான், அவன் கருதியது இன்னது, அவன் கூறிய நியாயம் இன்னது என்பதெல்லாம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தன. நம் அறநூல்கள் கொலையைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் பெரும்பாலும் இத்தகைய கொலையையே, அதாவது சங்கல்பத்தோடு ஒருவன் செய்யும் செயலையே, மனத்திற்கொண்டு பேசுகின்றன. கொல்ல வேண்டும் என்று எவரும் நினையாமலே, யாருடைய கையிலும் இரத்தம் படாதது போலவே, ஓர் இனம் முழுவதும் சிறிது சிறிதாக அழிந்து போகுமானால் அந்தப் பாவத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், கடலைக் கண்ணால் காணாத கொங்கு நாட்டு ஊரில் இருப்பவனும் கடலுக்குள் இறங்க வேண்டியதாகிறது.

நம் கடற்கரை மக்கள் கொம்புத் திருக்கை என்று அழைக்கும் மீன், தலையின் இருபுறமும் நீண்டிருக்கும் இரு மடல்களால் அப்பெயர் பெற்றது. அம்மடல்கள் குத்துவதற்கு உரியவை அல்ல. நீரோடு சேர்த்து நுண்ணுயிர்களையும் சிற்றிறால்களையும் வாய்க்குள் திருப்பிவிடுவதற்கு உரியவை. மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட அகலம் வளரக்கூடிய இப்பிராணி தின்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத அற்பமான உயிர்களை. மேனாட்டு மாலுமிகள் அதன் கொம்பைக் கண்டு பேய் என்று பெயரிட்டு அஞ்சினார்கள். அஞ்சுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. இவ்வினத்துள் ஒன்று, குளிர்ந்து இருண்ட ஆழத்துக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வரை இறங்கி மீள்கிறதென்று அதன் உடலில் பொருத்திய கருவிகளைக் கொண்டு கண்டறிந்திருக்கிறார்கள். இதன் நெருங்கிய உறவான மண்டாத் திருக்கைக்கு மீன்களுள் மிகப் பெரிய மூளை வாய்த்திருக்கிறது.

இவற்றையெல்லாம்விட நம் விசாரணைக்கு முக்கியமானது அதன் மகப்பேறு. மத்தியும் நெத்திலியும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, அவற்றுள் சில பிழைத்தாலும் இனம் தழைக்கும்படி இயற்கையால் அமைக்கப்பட்டவை. கொம்புத் திருக்கையோ ஏறக்குறைய ஓராண்டு காலம் வயிற்றில் சுமந்து, பொதுவாக ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. கொடி இல்லாத அந்தக் கர்ப்பத்தில், கருப்பையின் உட்சுவர் சுரக்கும் பால் போன்ற திரவத்தையே குட்டி பருகி வளர்ந்து, சிறகுகளைப் பாய் போலச் சுருட்டிக்கொண்டு வெளிவருகிறது. அடுத்த குட்டிக்கு ஓராண்டோ இரண்டு மூன்று ஆண்டுகளோ ஆகலாம். இப்படிப்பட்ட ஓர் இனத்தில் ஆண்டுதோறும் சில நூறு உயிர்கள் அதிகப்படியாக மடிந்தாலும் அந்த நஷ்டத்தை அதனால் ஈடு செய்துகொள்ள முடியாது. வலையில் அகப்பட்டுத் தளத்தில் ஏற்றப்பட்ட கருவுற்ற திருக்கை குட்டியைக் காலம் நிறையுமுன் ஈன்றுவிடுவதும் உண்டு.

இனி அது மடிகிற விதத்தைச் சொல்ல வேண்டும். சென்னைக் காசிமேட்டிலிருந்தும், தூத்துக்குடியை அடுத்த தருவைக்குளத்திலிருந்தும், அரபிக்கடல் பக்கம் கொச்சியிலிருந்தும், இலங்கையில் நீர்கொழும்பிலிருந்தும் மிரிஸ்ஸாவிலிருந்தும் கடலேறுகிறவர்கள் தேடிப் போவது சூரை, வஞ்சிரம், தளப்பத்து போன்ற மீன்களை. நைலான் செவுள்வலையை மாலையில் விரித்து, இரவு முழுவதும் நீரோட்டத்தோடு மிதக்க விட்டு, விடியும் வேளையில் இழுக்கிறார்கள். திருக்கை சூரையைத் தேடி வந்ததன்று. சூரை திரியும் நீரில் தன் இரையும் இருந்தமையால் வந்தது. ஓயாமல் நீந்திச் செவுளில் நீரைச் செலுத்திக்கொண்டிருந்தால்தான் அதற்குச் சுவாசம் உண்டு. வலை பிடித்து நிறுத்திய உடனே மூச்சு முட்டத் தொடங்கி, வலையை இழுப்பதற்குள் பெரும்பாலும் உயிர் நீங்கிவிடுகிறது. இலங்கையின் மீன்பிடித் துறைகளைப் பத்தாண்டுகள் கண்காணித்து டேனியல் பெர்னாண்டோவும் ஜோசுவா ஸ்டூவர்ட்டும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, உலகத்துச் சமுத்திரங்களில் சுருக்குவலை வீசும் பெருங்கப்பல்கள் அனைத்தும் ஓர் ஆண்டில் பிடிக்கும் மண்டா, கொம்புத் திருக்கைகளைவிட, அந்தச் சிறு தீவின் சிறு படகுகளில் வந்திறங்குபவை அதிகம் என்று மதிப்பிட்டது. பிடித்தவர்களுள் திருக்கையை அழிக்க வேண்டும் என்று எண்ணியவர் ஒருவரேனும் இருப்பார் என்று நான் நம்பவில்லை.

இறந்து கிடைத்ததை விற்காமல் என்ன செய்வது என்று மீனவர் கேட்பது நியாயமே. முன்பு அதன் இறைச்சி கருவாடாகி மலிவு விலைக்குப் போயிற்று. கடந்த சில பத்தாண்டுகளில் அதன் செவுள் தகடுகளை உலர்த்தி வாங்கிச் சீனத்துக்கு அனுப்பும் வியாபாரம் எழுந்தது. குவாங்சௌ நகரத்துக் கடைகளில் அதை உடம்பின் நஞ்சு நீக்கும் மருந்தென்று கஷாயத்துக்கு விற்கிறார்கள். அந்நாட்டுப் பழைய வைத்திய நூல்களிலும் இதற்கு உரிய இடம் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே இது பரம்பரை நம்பிக்கையும் ஆகாது. நம்பிக்கையின் வேடம் புனைந்த விளம்பரமே. தற்செயலாக இறந்த பிராணிக்கு விலை ஏறிய மறுகணம் அந்தத் தற்செயல் தன் பழைய கன்னிமையை இழந்துவிடுகிறது என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

செயலின் பாவம் எண்ணத்தில் இருக்கிறதா, விளைவில் இருக்கிறதா என்னும் வழக்கு இந்நாட்டில் பௌத்தருக்கும் ஜைனருக்கும் இடையே நெடுங்காலம் நடந்தது. சேதனையே கர்மம், எண்ணமில்லாத செயல் வினையாகாது என்பது பௌத்தர் கட்சி. தனக்கென்று கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைப் பிக்ஷு ஏற்கலாம் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. ஜைன ஆகமங்களுள் ஒன்றாகிய சூத்திரகிருதாங்கம் இக்கட்சியைப் பரிகாசம் செய்யும் இடம் ஒன்று உண்டு. புண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று எண்ணிக் குத்தியவன் கொலைகாரன் ஆவானாம். மனிதனைப் புண்ணாக்கு என்று எண்ணிக் கழுவில் கோத்துச் சுட்டவன் குற்றமற்றவனாம். இதுதானா உங்கள் தருமம் என்று அது கேட்கிறது. நிலக்கடலை ஏலம் நடக்கும் எங்கள் ஊரில் புண்ணாக்குக்கும் மனிதனுக்கும் வேற்றுமை தெரியாதவர் இலர் ஆகையால் இந்தப் பரிகாசம் எங்களுக்கு எளிதில் விளங்கும். எனினும் பௌத்தரை இவ்வளவில் தள்ளிவிடுவது அநியாயம். எண்ணத்தை விலக்கிவிட்டு விளைவு ஒன்றையே கொண்டு தீர்ப்புச் சொன்னால், நோயாளியைக் காப்பாற்றப் போராடித் தோற்ற வைத்தியனும் கொலைஞன் ஆகிவிடுவான். மூச்சு விடுகிற நாம் அனைவரும் நரகத்துக்கு உரியவர்களாவோம்.

இவ்வழக்கின் தமிழ்ப் பகுதி நீலகேசியில் இருக்கிறது. அறிஞர் சக்கரவர்த்தி நயினார் 1936இல் பழைய உரையோடு பதிப்பித்த அந்நூலின் தலைவி, முதலில் உயிர்ப்பலி கொள்ளும் பேய்மகளாக வந்து, பின் முனிவர் ஒருவரால் அஹிம்சையை உணர்ந்து, ஊர் ஊராகச் சென்று வாதம் புரிகிறவள். கொன்றவன் வேறு, தின்றவன் வேறு, ஆகவே தின்றவனை வினை சேராது என்று பௌத்தர் கூறும்போது, தின்பவன் இருப்பதனாலன்றோ கொல்பவன் இருக்கிறான் என்பது அவள் வாதத்தின் சாரம். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் நியாயமும் இதுவே: வாங்குவார் இல்லையேல் விற்பாரும் இல்லை. இந்த நியாயத்தின்படி பார்த்தால், விடியற்காலையில் கைவலிக்க வலையிழுக்கும் மீனவரைவிட, குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு செவுள் தகட்டுக்கு விலை பேசுகிறவருக்கும், அதைக் காய்ச்சிக் குடித்து உடம்பு தேறிவிட்டதாக நினைத்துக்கொள்பவருக்கும் பங்கு அதிகம். ஆனால் நீலகேசியின் வாதமும் நம் கேள்வியை முழுவதும் தீர்க்கவில்லை. நாளையே செவுளின் விலை பூஜ்யமாகிவிட்டாலும் சூரைக்கு இட்ட வலையில் திருக்கை அகப்படும். தின்பார் ஒருவரும் இல்லாவிடினும் அது சாகும்.

எனக்குத் தெரிந்தவரை இந்த முடிச்சை அவிழ்க்கக் கூடியது உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு வகுத்த இலக்கணம். உயிரைப் போக்குவது ஹிம்சை என்று அவர் நிறுத்தவில்லை. கொல்ல நினைப்பது ஹிம்சை என்றும் சொல்லவில்லை. அஜாக்கிரதையின் வசப்பட்ட மனம் வாக்குக் காயங்களால் உயிர் போவதே ஹிம்சை என்கிறார். எண்ணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இப்படி மூன்றாவதாக ஒன்றை அவர் கண்டது, என் மதிப்பில், இந்தியச் சிந்தனையின் மிக நுட்பமான செயல்களுள் ஒன்று. பின்வந்த ஜைன ஆசிரியர்கள் இல்லறத்தாரின் நிலையை உணர்ந்து, வேண்டுமென்றே செய்யும் ஹிம்சையை முற்றும் விலக்கி, உழவு, தொழில், அடுப்படி, தற்காப்பு இவற்றில் நேரும் ஹிம்சையை இயன்ற அளவு குறைக்கும்படி விதித்தார்கள். தொழிலை விடு என்று சொல்லவில்லை. தொழிலில் விழித்திரு என்றார்கள். விஜயமங்கலத்துச் சமணக் கோயிலைக் கடந்து நெடுஞ்சாலையில் போகும் எத்தனை வியாபாரிகளுக்கு, தம் தொழிலுக்கென்றே ஓர் அறத்தை அக்கோயிலைச் சேர்ந்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யோசித்து வைத்தார்கள் என்பது தெரியும்?

அஜாக்கிரதை என்பது அறிவோடு சம்பந்தப்பட்டது. வலையில் திருக்கை சாகிறது என்பதை அறியாத காலத்தில் அது விபத்து. சாகிறது, அதன் இனம் அதனால் அருகுகிறது, ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் ஈனாத பிராணி அது என்று அறிந்த பின்னும் அதே இடத்தில் அதே பருவத்தில் அதே வலையை விரிக்க விடுவது விபத்தாகாது. சங்கல்பம் இல்லை என்ற சமாதானம் அறிவு வந்த நாளோடு காலாவதியாகிவிடுகிறது.

இதைக் கடலோரத்தாருக்கு உபதேசிக்கும் யோக்கியதை எங்கள் பக்கத்தாருக்கு உண்டா என்று கேட்டால், உபதேசிக்கும் யோக்கியதை இல்லை. சாட்சி சொல்லும் யோக்கியதை உண்டு. நொய்யலைக் கொல்ல வேண்டும் என்று திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறைக்காரரும் சங்கற்பம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தம் பனியனுக்கு நிறம் ஏற்றினார். மிஞ்சிய நீரை ஓடையில் விட்டார். தம் ஒருவருடைய நீரால் ஆறு கெட்டுவிடுமா என்று நினைத்தார். அந்த நினைப்பு ஒவ்வொருவர் அளவில் ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் அந்த நீரைத் திறக்காதீர்கள் என்று மன்றாடும் விபரீதம் நிகழ்ந்தது. அணைநீர் வேண்டாம் என்று உழவன் கேட்ட நாடு வேறு எங்கேனும் உண்டோ? சாய, சலவை ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத சுத்திகரிப்பு முறை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படலாயிற்று. அதற்கிடையில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்கள் சாயத் தொழிலாளிகள். கோயில் கட்டிய கைகளும் அன்னதானம் செய்த கைகளுமே ஓர் ஆற்றைக் கொன்றன என்பதை நாங்கள் அறிந்தவர்கள்.

இங்கே இன்னொரு தத்துவ விசாரணை குறுக்கிடுகிறது. நம் சமயங்கள் உயிரை ஒவ்வொன்றாக எண்ணுகின்றன, இனத்தை எண்ணுவதில்லை. ஆன்மா நித்தியம், உடல் அழிவது என்று கொண்ட சித்தாந்திக்கு ஒரு திருக்கையின் சாவும் ஒரு நெத்திலியின் சாவும் சமமே. கடைசித் திருக்கையின் சாவுக்குத் தனியான கனம் எங்கிருந்து வரும்? நான் இதற்கு இவ்வாறு விடை கொள்கிறேன். எண்பத்துநான்கு லட்சம் யோனி பேதங்களுள் நீர்வாழ்வனவற்றுக்குப் பத்து லட்சம் என்று நம்மவர் வகுத்தார்கள். உயிர்கள் தத்தம் வினையைத் துய்த்துப் பக்குவமடைவதற்கு இறைவன் கருணையால் படைத்தளித்த உடம்புகளே அவை என்பது சைவ சித்தாந்தத்தின் கொள்கை. அப்படியானால் ஓர் இனத்தை அடியோடு அழிப்பது, ஓர் உயிரை அதன் வீட்டிலிருந்து துரத்துவதோடு நில்லாமல், இறைவன் பல உயிர்களுக்கென்று கட்டிவைத்த வீட்டையே இடித்துவிடுவதாகிறது. படைப்பின் வகைகள் குறையக் கூடும் என்று பண்டை ஆசிரியர்கள் கருதியிருக்கக் காரணம் இல்லை. ஆகவே இந்தக் குற்றத்துக்கு அவர்கள் பெயரிடவில்லை. பெயரில்லாமையால் குற்றம் இல்லையென்று ஆகாது.

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவது இயல்பு, திருக்கையும் இறாலைத் தின்கிறது, இதில் அறம் எங்கே வந்தது என்பார் உண்டு. இதற்கு நம் அரசநூலார் மச்ச நியாயம் என்று பெயரிட்டதே, அது மனிதருள் நடவாதிருக்க அரசன் வேண்டும் என்று காட்டுவதற்காக. வள்ளுவர் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார். பொச்சாவாமையை, அதாவது மறந்து அயர்ந்திராமையை, அரசியலில் வைத்தார். கொல்லாதிரு என்பது துறவிக்கு இடும் விதி. அயராதிரு என்பது ஆள்வோனுக்கு இடும் விதி என்று நான் அதைப் பொருள் கொள்கிறேன். அரசாங்கமும் சில காரியங்கள் செய்துதான் இருக்கிறது. 2001 ஜூலையில் மத்திய அரசாங்கம் சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் பிடிக்கக் கூடாதவையென ஒரே ஆணையில் அறிவித்து, மீனவர் கொந்தளித்தபின் அவ்வாண்டு டிசம்பரிலேயே அதைச் சில இனங்களுக்குச் சுருக்கிக்கொண்டது. கலந்து பேசாமல் இட்ட விதி கரையிலேயே உடைந்தது. கொம்புத் திருக்கைகளின் சர்வதேச வியாபாரம் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் 2016இல் கொண்டுவரப்பட்டது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2019இல் இவற்றைக் கப்பலில் வைத்துக்கொள்வதையே விலக்கி, வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் மீன்பிடிப்பவர்களுக்கு விலக்களித்தது. சைட்டீஸ் விதிகளுக்கு உள்நாட்டுச் சட்டத்தில் இடமளித்த வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏட்டில் குறைவில்லை. ஆனால் நள்ளிரவில் நடுக்கடலில் மிதக்கும் வலையின் பக்கத்தில் எந்தச் சட்டமும் காவல் நிற்காது. அங்கே இருப்பவை கடனும் பசியும் மனச்சாட்சியும் மட்டுமே.

மனச்சாட்சியைத் தொடும் வழியைக் குஜராத்தில் கண்டார்கள். வேராவல் கடற்கரையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வேட்டையாடப்பட்ட திமிங்கிலச் சுறாவைக் காக்க, 2004இல் தொடங்கிய இயக்கத்துக்கு இராமகதை சொல்லும் முராரி பாபு முன்வந்து, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது அச்சுறா என்று மக்களுக்கு எடுத்துச் சொன்னார். வேட்டையாடிய கைகளே வலையை அறுத்து அதை விடுவிக்கலாயின. அறுந்த வலைக்கு அரசாங்கம் ஈடு கொடுத்தது. அந்த ஈட்டுத்தொகை இல்லாமல் கதாகாலட்சேபம் மட்டும் போதியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நாம் இதற்கு வடக்கே போய் உவமை கடன் வாங்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் குலத் தலைவராகத் தோன்றிய அதிபத்த நாயனார், நாள்தோறும் தம் வலையில் வரும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். மீன்வளம் சுருங்கி, நாளெல்லாம் உழைத்து ஒரே ஒரு மீன் கிடைத்த காலத்திலும் அதையே விட்டுவிட்டுச் சுற்றத்தோடு பசித்திருந்தார். பொன்னும் மணியும் இழைத்த மீன் வந்த அன்றும் அதையே விட்டார். கொல்லாத் தொழிலுக்கு மாறியதற்காக அவரை நாயன்மாராகச் சேக்கிழார் போற்றவில்லை. வலை வீசுகிறவனாகவே இருந்து, வலையில் வந்தவற்றுள் ஒன்று தன்னுடையதன்று என்று அறிந்திருந்ததற்காகவே போற்றினார். உமாஸ்வாதி சூத்திரமாகச் சொன்னதை இந்தப் பரதவர் நடந்து காட்டினார் என்று கூறினால் சைவர்களும் ஜைனர்களும் சேர்ந்து என்மீது கோபிக்கலாம், கோபிக்கட்டும்.

அவருடைய விழா ஆவணி ஆயிலியத்தில் நாகையில் இன்றும் நடைபெறுகிறது. மீனவர்கள் படகேறிச் சென்று பொன்மீனைக் கடலில் விடுகிறார்கள். அந்த விழாவை நடத்துகிற பெரியவர்களுக்கும், கடலோர ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், திருமடங்களின் தலைவர்களுக்கும் என் விண்ணப்பம் இது. கொம்புத் திருக்கை அதிபத்தர் விட்ட பங்கைச் சேர்ந்தது, சிவன் சொத்து, விற்பனைக்கு உரியதன்று என்று அந்த மேடையிலிருந்து அறிவியுங்கள். உயிரோடு அகப்பட்டதை வலையை அறுத்து விடுகிறவருக்கு வலையின் விலையை அரசாங்கம் தாமதமின்றிக் கொடுக்கட்டும். விடியுமுன் இறந்துபோகிறவற்றுக்கு அறுத்து விடுவதால் பயனில்லை ஆகையால், திருக்கை கூடும் இடமும் பருவமும் எவை என்பதை நன்கறிந்த மீனவர்களையே கலந்து, அக்காலத்தில் அவ்விடத்தில் செவுள்வலையைத் தவிர்க்க ஏற்பாடு செய்யட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் கிழக்குக் கரையில் படகுகளைக் கட்டி வைத்திருக்கப் பழகியவர்கள் அவர்கள். நியாயமான நிவாரணமும் மரியாதையான பேச்சும் கிடைத்தால் இன்னும் சில நாட்கள் பொறுக்க மாட்டார்களா என்ன?

அந்த நிவாரணத்துக்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பூர் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓர் ஆற்றை அஜாக்கிரதையால் இழந்தவர்களுக்கு அந்தக் கடன் இருக்கிறது.